முதலில் எவ்வளவு என்று கேளுங்கள்

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் கடன். நாட்டுக் கடன் இல்லை, உலக வங்கிக் கடன் இல்லை. நம் வீட்டுக் கூரைக்குக் கீழே, நமக்கே தெரியாமல் வளரும் கடன். கணவன் வாங்கி மனைவிக்குத் தெரியாத கடன். மனைவி வாங்கிக் கணவனுக்குத் தெரியாத கடன். பிள்ளை வாங்கிப் பெற்றவருக்குத் தெரியாத கடன். தகப்பன் வாங்கி, அவருடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகே பிள்ளைக்குத் தெரியவரும் கடன். இந்தக் கடனைப் பற்றி அன்பானவர்களிடம் வாய் திறந்து பேசுவது எப்படி? அதைவிட முக்கியமாக, அவர்கள் பேச வரும்போது நாம் காது கொடுப்பது எப்படி? இந்த இரண்டு கேள்விகளை உங்கள் முன் வைக்கப் போகிறேன்.

பணத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்படும் மக்களா நாம்? இல்லவே இல்லை. பேராவூரணிப் பக்கம் போய்ப் பாருங்கள். கீரமங்கலம், வடகாடு பக்கம் போய்ப் பாருங்கள். ஆடி மாதம் வந்தால் மொய் விருந்து. பந்தலில் மேசை போட்டு எழுத்தர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஊர் பெயர், ஆள் பெயர், தொகை என மூன்றும் நோட்டில் ஏறும். மற்ற ஊர்களில் மட்டும் என்ன? கல்யாண வீட்டில் தாய்மாமன் மொய் எவ்வளவு என்று மைக்கிலேயே சொல்கிறோம். மொய் என்பது என்ன? திருப்பிச் செய்தே தீரவேண்டிய, வட்டியில்லாத கடன். அதை ஊரறிய வாங்குகிறோம், ஊரறியத் திருப்புகிறோம், நோட்டைப் பத்திரமாகப் பெட்டியில் பூட்டி வைக்கிறோம். அதில் யாருக்கும் அவமானம் இல்லை. ஊரறியக் கணக்குச் சொல்லத் தெரிந்த நமக்கு, உள்ளறையில் கட்டிய மனைவியிடம், பெற்ற தாயிடம், வளர்த்த பிள்ளையிடம் கணக்குச் சொல்ல ஏன் நா எழவில்லை?

கடன் நம்மில் சிலருக்கு மட்டும் வந்த பழியா? அதுவும் இல்லை. 2019-இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வில் நம் நாட்டுக் கிராமங்களில் 100 வீடுகளுக்கு 35 வீடுகளிலும், நகரங்களில் 100 வீடுகளுக்கு 22 வீடுகளிலும் கடன் இருந்தது. இந்த அரங்கில் உங்களுக்கு வலப்பக்கம் இருப்பவருக்கும் கடன் இருக்கலாம், இடப்பக்கம் இருப்பவருக்கும் இருக்கலாம். விதை வாங்கக் கடன், கல்லூரிக் கட்டணத்துக்குக் கடன், ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கடன், மகள் கல்யாணத்துக்குக் கடன். வாழ்கிறவர்கள்தாம் கடன் வாங்குகிறார்கள். கடன் வாங்கியது குற்றமில்லை. அதைத் தனி ஆளாகச் சுமப்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

பிறகு ஏன் மறைக்கிறோம்? மூன்று காரணங்களை நான் பார்க்கிறேன்.

முதல் காரணம் மானம். "ஆம்பளைன்னா சமாளிக்கணும்" என்று சொல்லிச் சொல்லியே ஆண்பிள்ளைகளை வளர்க்கிறோம். "வீட்டுக் குறையை வெளியே காட்டாம குடும்பம் நடத்தறவதான் கெட்டிக்காரி" என்று பெண்பிள்ளைகளை வளர்க்கிறோம். இரண்டு பேரும் சமாளிக்கிறார்கள். ஒருவருக்கொருவர் தெரியாமல் சமாளிக்கிறார்கள்.

இரண்டாவது காரணம் பயம். "சொன்னா வீடு ரெண்டாயிடும்" என்ற பயம். "உங்கப்பன் வீட்டுல கொடுத்தியா?" என்ற கேள்வி வரும் என்ற பயம். நாளைக்கு எந்தச் சண்டை வந்தாலும் இந்தக் கடனையே எடுத்து முகத்தில் வீசுவார்கள் என்ற பயம்.

மூன்றாவது காரணம் பாசம். ஆமாம், பாசத்தினாலும் மறைக்கிறோம். "அவளுக்கு ஏற்கெனவே பிரஷர், சொன்னா தாங்கமாட்டா." "அப்பா ரிட்டயர் ஆகப்போற நேரம், இப்பப் போய் எப்படிச் சொல்றது?" இப்படி மறைப்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. நம்மிலேயே நல்லவர்கள்தாம் இப்படி மறைக்கிறார்கள். அதனால்தான் இந்த மௌனத்தை உடைப்பது கடினமாக இருக்கிறது. ஆனால் இந்த மௌனத்துக்கு ஒரு விலை இருக்கிறது, தோழர்களே. அந்த விலையை இப்போது கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு சின்னக் கடைக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு 1 லட்சம் ரூபாய் தேவை. அஞ்சு வட்டிக்கு வாங்குகிறார். அஞ்சு வட்டி என்றால் 100 ரூபாய்க்கு மாதம் 5 ரூபாய். லட்சத்துக்கு மாதம் 5,000. ஆண்டுக்கு 60,000. அசல் அப்படியே நிற்கும். அதே வீட்டில், அதே பீரோவில், மனைவியின் வளையலும் ஆரமும் துணியில் சுற்றி இருக்கின்றன. வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ நகைக்கடன் வாங்கியிருந்தால், ஆண்டுக்கு 100-க்கு 12 என்றே வைத்துக்கொண்டாலும், வட்டி 12,000தான். வித்தியாசம் 48,000 ரூபாய். இது எதற்குக் கொடுத்த பணம்? "ஏம்மா, அந்த நகையைக் கொஞ்ச நாள் வைக்கலாமா?" என்ற ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் இருப்பதற்குக் கொடுத்த பணம்! ஓர் ஆண்டு மௌனத்தின் விலை 48,000 ரூபாய்.

இன்னொரு கணக்கு. தண்டல். 10,000 ரூபாய் தண்டல் என்று பெயர். கையில் கொடுப்பது 8,500. மீதியை முதலிலேயே பிடித்துக்கொள்வார்கள். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்டவேண்டும். 1,500 ரூபாய்தானே போகிறது என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் கரைந்துகொண்டு வருகிறது, இல்லையா? அதையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் ஆண்டுக்கு 100 விழுக்காட்டைத் தாண்டும் வட்டி அது. இந்தக் கணக்கைத் தனியாக உட்கார்ந்து, பயத்தோடு போடும் மனிதனுக்குப் புலப்படாது. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் பக்கத்தில் உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் போட்டுக் காட்டிவிடுவாள். அவளிடம் சொன்னால்தானே?

இந்தக் கடன் யாருக்குத் தெரியாது என்று நினைக்கிறீர்கள்? கடன் கொடுத்தவருக்குத் தெரியும். வசூலுக்கு வருபவருக்குத் தெரியும். வங்கியில் வாங்கியிருந்தால் சிபில் போன்ற நிறுவனங்களின் பதிவேட்டில் தேதி வாரியாக இருக்கும். 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் ரிசர்வ் வங்கி விதியைக் கேளுங்கள். ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்குக் கொடுக்கும் மைக்ரோ ஃபைனான்ஸ் கடனில், கணவன், மனைவி, திருமணமாகாத பிள்ளைகள் எல்லோரையும் ஒரே குடும்பமாகப் பார்க்கவேண்டும். அந்தக் குடும்பத்தின் மாதத் தவணைகள் எல்லாம் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. ஆக, கடன் கொடுப்பவர் குடும்பம் முழுவதையும் ஒரே கணக்காகப் பார்க்கிறார். குடும்பத்துக்குள் இருக்கும் நாம் மட்டும் ஆளுக்கொரு கணக்காக ஒளித்து வைத்திருக்கிறோம்! வெளியாருக்குத் தெரிந்தது வீட்டாருக்குத் தெரியவில்லை என்றால், நாம் காப்பாற்றியது எந்த மானத்தை?

அடுத்து, கடனே வாங்காமல் கடன்காரர் ஆனவர்களைப் பற்றிச் சொல்கிறேன். ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்கள். "சும்மா ஒரு கையெழுத்துதான் மச்சான்" என்பார்கள். சும்மா இல்லை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 128-ஆவது பிரிவு. வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாத வரை, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ, ஜாமீன்தாரருக்கும் அவ்வளவு பொறுப்பு. வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். காசோலை பணமின்றித் திரும்பி, நோட்டீஸ் வந்தும் கட்டாவிட்டால், இரண்டு ஆண்டு வரை சிறை என்கிறது மாற்றுமுறை ஆவணச் சட்டம். ஒரு டீக்கடைப் பெஞ்சில் போட்ட கையெழுத்து ஒரு குடும்பத்தின் வீட்டு வாசலில் வந்து நிற்கும். அந்தக் கையெழுத்தைப் போடுவதற்கு முன்னால் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டாலென்ன? "வீட்டுல கேட்டுச் சொல்றேன்" என்பது கோழையின் பேச்சு இல்லை. குடும்பத்தை மதிப்பவரின் பேச்சு.

பெரியவர்களே, அடுத்ததை உங்களிடம் சொல்கிறேன். தகப்பனார் இறந்த பிறகு புரோ நோட்டோடு ஆள் வருகிறார். "உங்கப்பா எங்கிட்ட வாங்கினது" என்கிறார். மகன் என்ன செய்வான்? உண்மையா, பொய்யா, எவ்வளவு அடைத்தார் என எதுவும் தெரியாது. தகப்பன் கடனை மகன் தன் சொந்தப் பணத்தில் அடைத்தே ஆகவேண்டும் என்று பலரும் நம்புகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. வாரிசுகள் இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்குத்தான் பொறுப்பு. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 2005-இல் வந்த திருத்தம், அதற்குப் பிறகு ஏற்படும் கடன்களில் "மகன் என்ற தர்மக் கடமை" என்ற ஒரே காரணத்தைக் காட்டி வழக்குப் போட முடியாதபடி செய்துவிட்டது. மகன் தானே ஜாமீன் போட்டிருந்தால் அது வேறு விஷயம். இது தெரியாமல் எத்தனை பிள்ளைகள் ஆயுள் முழுக்க அடைத்துக்கொண்டிருக்கிறார்கள்!

இதன் மறுபக்கமும் உண்டு. கடன் வந்து கதவைத் தட்டும். வரவேண்டிய பணம் தட்டாது. அப்பா யாருக்குக் கொடுத்தார், எந்த வங்கியில் டெபாசிட் போட்டார், எந்த இன்சூரன்ஸ் எடுத்தார் என்று சொல்லாமல் போனால் அந்தப் பணம் கேட்பாரற்றுக் கிடக்கும். 2023 பிப்ரவரி வரை பொதுத்துறை வங்கிகள் மட்டும் ரிசர்வ் வங்கிக்கு மாற்றிய கேட்பாரற்ற வைப்புத்தொகை 35,000 கோடி ரூபாய்க்கு மேல். பத்து ஆண்டுகளுக்கும் மேலாக யாரும் தொடாத கணக்குகள். அவற்றைத் தேடுவதற்கென்றே ரிசர்வ் வங்கி 2023-இல் உத்கம் என்ற இணையதளத்தைத் தொடங்கியது. அந்தப் பணத்தில் ஒரு பகுதியாவது, பிள்ளைகளிடம் சொல்லாமலே போன பெற்றோரின் உழைப்பு இல்லையா? மூடிய வாய் கடனையும் மறைக்கிறது, சேமிப்பையும் மறைக்கிறது.

சரி, இதற்கு வழி என்ன? வழி எங்கேயோ வெளியில் இல்லை. நம் ஊரிலேயே, இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களின் கையிலேயே இருக்கிறது.

1989-இல் தருமபுரி மாவட்டத்தில், ஐக்கிய நாடுகள் சபையின் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. பிறகு மகளிர் திட்டமாக மாநிலம் முழுக்கப் பரவின. குழுக் கூட்டத்தில் என்ன நடக்கிறது? எல்லோரும் வட்டமாகப் பாயில் உட்காருகிறார்கள். ஊக்குநர் நோட்டை விரிக்கிறார். இந்த வாரச் சேமிப்பு இவ்வளவு, உள்கடன் வாங்கியவர் இன்னார், பாக்கி இவ்வளவு என்று எல்லோர் முன்னிலும் சொல்கிறார். ஒருவருக்குத் தவணை கட்ட முடியவில்லை என்றால் என்ன ஏது என்று விசாரித்து, அடுத்து என்ன செய்வது என்று பேசித் தீர்மான நோட்டில் எழுதுகிறார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பெண்களும், கைநாட்டு வைத்த பெண்களும் இதைச் செய்து காட்டினார்கள். பணத்தைப் பற்றிய பேச்சு, சரியான இடத்தில், சரியான முறையில் நடந்தால் உறவை வளர்க்கும் என்று நிரூபித்தார்கள். அம்மா, குழுவில் இருபது பேர் முன்னால் கணக்குச் சொல்லும் உங்களுக்கு, வீட்டில் நான்கு பேர் முன்னால் சொல்வதற்கு என்ன தடை? தடை உங்களிடம் இல்லை. குழுவில் கேட்பதற்குத் தயாரான காதுகள் இருக்கின்றன. வீட்டில் இருக்கின்றனவா?

இன்று நான் சொல்ல வந்ததின் உயிர்நாடி இதுதான். கடனைப் பற்றி வெளிப்படையாகப் பேசுங்கள் என்று கடன்காரருக்கு மட்டும் புத்தி சொல்லி என்ன பயன்? சொல்பவரின் துணிச்சல் பாதி வேலை. கேட்பவரின் பொறுமை மீதிப் பாதி. ஒரு காட்சியைப் பாருங்கள்.

"என்னங்க, ரெண்டு நாளா முகமே சரியில்லையே?"

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். வெளியில கொஞ்சம் கடன் வாங்கியிருக்கேன்."

இந்த இடத்தில் பாதை இரண்டாகப் பிரிகிறது. "யாரைக் கேட்டு வாங்கினீங்க? ஏன் வாங்கினீங்க?" என்று கேட்டால் கதவு மூடிக்கொள்ளும். "ஏன்" என்பது அந்த நேரத்தில் விசாரணை. குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் முழு உண்மையைச் சொல்லமாட்டார். "எவ்வளவுங்க?" என்று கேட்டால் கதவு திறக்கும். "எவ்வளவு" என்பது தோள் கொடுப்பவரின் கேள்வி. நாமும் சேர்ந்து தூக்குவோம் என்பவரின் கேள்வி.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். 3 லட்சம் கடன் இருப்பவர் முதல் நாள் 1 லட்சம் என்றுதான் சொல்வார். மீதி 2 லட்சம் நம் முகத்தைப் பார்த்த பிறகுதான் வெளியே வரும். நாம் கத்தினால் அந்த 2 லட்சம் உள்ளேயே தங்கிவிடும். தங்கி, வட்டி போட்டு, 4 லட்சமாகத் திரும்பி வரும். ஆகவே முதலில் எவ்வளவு. பிறகு யாரிடம். பிறகு என்ன வட்டி. பிறகு எதன் மேல், அதாவது நகையா, பத்திரமா, வெற்றுக் காசோலையா, வெறும் கையெழுத்தா. பிறகு எப்போது முடிகிறது. இந்த ஐந்தையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் ஐந்து கட்டங்களாக எழுதுங்கள். "ஏன்" என்ற கேள்வி வேண்டாமா? வேண்டும். குடியா, சூதாட்டமா, ஆன்லைன் ரம்மியா என்று தெரிந்தே ஆகவேண்டும். ஆனால் அது வேறொரு நாள் கேட்கவேண்டிய கேள்வி. எரிகிற வீட்டில் முதலில் தண்ணீர், பிறகுதான் விசாரணை.

நோட்டில் எழுதிவிட்டீர்கள். அடுத்து? வட்டி அதிகமான கடனை முதலில் அடையுங்கள். அஞ்சு வட்டி, பத்து வட்டிக் கடனை நகைக்கடன் வைத்தாவது முடித்துவிடுங்கள். முடித்த அன்றே புரோ நோட்டையும் காசோலையையும் கேட்டு வாங்குங்கள். ஒரு கடனை அடைக்க அதைவிட அதிக வட்டிக்கு இன்னொரு கடன் வாங்கமாட்டோம் என்று குடும்பமாகத் தீர்மானம் போடுங்கள். மாதத்தில் ஒரு நாள், சம்பளம் வந்த வாரத்தில், அந்த நோட்டை எல்லோருமாகப் பாருங்கள். பெரிய பிள்ளைகளையும் உட்கார வையுங்கள். "இந்த வருஷம் தீபாவளிக்கு ஒரு டிரஸ்தான்" என்பதற்குக் காரணம் தெரிந்த பிள்ளை ஏங்காது, உடன் நிற்கும்.

உடன்பிறந்தாருக்குள் கொடுக்கல் வாங்கலா? அதையும் எழுதிக்கொள்ளுங்கள். "அண்ணன் தம்பிக்குள்ள எதுக்குக் கணக்கு?" என்று தொடங்கிய எத்தனையோ உறவுகள் பேச்சுவார்த்தை இல்லாமல் முடிந்திருக்கின்றன. கொடுக்க முடியாவிட்டால், "அண்ணே, இப்ப எங்கிட்ட இவ்வளவுதான் இருக்கு, இதுக்கு மேல முடியாது" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். பொய்ச் சாக்கைவிட நேரான மறுப்பு உறவைக் காக்கும்.

எல்லா வீட்டிலும் இது எளிதில்லை என்பதை நான் அறிவேன். அடிக்கிற கணவன் இருக்கும் வீட்டில் ஒரு பெண்ணிடம், "போய்ச் சொல்லும்மா" என்று நான் சொல்லமாட்டேன். அவர் முதலில் அக்காவிடம் சொல்லட்டும், குழுவில் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லட்டும், 181 என்ற மகளிர் உதவி எண்ணை அழைக்கட்டும். முதல் காது எதுவாகவும் இருக்கலாம். ஒரு காதாவது இருக்கவேண்டும்.

பின்னால் நிற்கும் தம்பி, தங்கைகளே, இப்போது உங்களிடம் பேசுகிறேன். செல்போனில் இரண்டு நிமிடத்தில் கடன் தரும் ஆப்களில் சிக்கியவர்கள் உங்களில் இருக்கலாம். "கட்டலைன்னா உன் போன்ல இருக்கற எல்லாருக்கும் படம் அனுப்புவோம்" என்று மிரட்டுகிறார்கள். கேளுங்கள்: கடன் கொடுக்கும் ஆப்கள் உங்கள் போனில் உள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் எடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இலேயே சொல்லிவிட்டது. வங்கிகளின் வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் இவற்றைத் தடை செய்யும் சட்டம் 2003-லிருந்து தமிழ்நாட்டில் இருக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை. மிரட்டி வசூலிப்பதைத் தடுக்க 2025-இல் இன்னொரு சட்டமும் வந்திருக்கிறது. இணையவழி மிரட்டலுக்கு 1930, வங்கி பற்றிய புகாருக்கு 14448. சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. ஆனால் மிரட்டுபவரின் ஆயுதம் சட்டம் இல்லை, நீங்கள் வீட்டில் சொல்லமாட்டீர்கள் என்ற நம்பிக்கை. வீட்டில் சொன்ன அந்த நிமிடமே அவர் கையிலிருந்து ஆயுதம் விழுகிறது! மனம் உடைந்து, விபரீதமான எண்ணம் வந்தால், 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். எந்தக் கடனும் ஓர் உயிரின் விலைக்கு ஈடாகாது. எந்தத் தாயும் கடனில்லாத இறந்த மகனை விரும்பமாட்டாள். கடனோடு உயிருள்ள மகனைத்தான் விரும்புவாள்.

பெற்றோர்களே, மனைவிமார்களே, கணவன்மார்களே, உங்கள் வீட்டில் யாரோ ஒருவர் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருக்கலாம். அவர் வரும்வரை காத்திருக்காதீர்கள். நீங்களே தொடங்குங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை, சாப்பாடு முடிந்ததும், உங்கள் கடனை முதலில் நீங்கள் சொல்லுங்கள். ஜாமீன் போட்டிருந்தால் சொல்லுங்கள். டெபாசிட் எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள். பிறகு, "உங்களுக்கு ஏதாவது இருந்தா சொல்லுங்க, நான் திட்டமாட்டேன்" என்று சொல்லுங்கள். அந்த வார்த்தையை எப்பாடுபட்டாவது காப்பாற்றுங்கள். கடன் தீர மாதங்கள் ஆகலாம், ஆண்டுகளும் ஆகலாம். ஆனால் அதைத் தனியாகச் சுமப்பது ஞாயிற்றுக்கிழமையோடு முடியட்டும். உங்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் அது முடியட்டும் என்று கேட்டு விடைபெறுகிறேன்.